திறந்த தட்டின் மேல் போகாத கை

என் நாத்தனார் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் நேராகக் கை நீட்ட மாட்டாள். நடுவில் யாருடைய தட்டாவது இருந்தால் அதன் மேலாக அவள் கை போகாது. தட்டைச் சுற்றி, தண்ணீர்க் குவளையைச் சுற்றி, மேசையின் ஓரமாகவே போய் உப்பை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பும். அடுப்பில் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலும் அதைக் கீழே வைக்க மாட்டாள். சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே கிளறிவிட்டு உடனே மூடிவிடுவாள். இந்த வீட்டுக்கு நான் வாழ வந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல அதை நேர்லயே பாக்கலாம்" என்பார் என் கணவர். இவள் அவருடைய ஒரே தங்கை. "உப்பு என்ன ஓடியா போயிடும்? நேரா எடேன்."

"உப்பு ஓடாது அண்ணா. என் கைதான் உதிரும்" என்பாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை எப்படி உதிரும் என்று யாரும் கேட்டதில்லை. அவள் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

குழந்தைகள் மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே செல் வளர்ப்பது அவள் வேலை. "ஊர்ல ஆடு வளர்ப்பாங்க, கோழி வளர்ப்பாங்க, இவ செல் வளர்க்குறா" என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். என் கணவரோடு லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களில் ஒருவர், செல்போன் கடை என்று நினைத்துத் தன் உடைந்த போனைக் கொடுத்தனுப்பினார். அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. போகிற வழியில் சரி செய்து வாங்கி வந்து கொடுத்தாள். எதையும் விளக்கிச் சொல்வதைவிடச் செய்துவிட்டுப் போவது அவளுக்குச் சுலபம்.

பள்ளிக்கூடம் முடித்ததும் இந்த வேலைக்கென்றே இருந்த படிப்பைப் படித்தாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. ஒத்துவரவில்லை, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அவள் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போகிறவள். எலியும் பூனையுமாக இருப்போம் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாங்கள் எண்ணெயும் தண்ணீருமாக இருந்தோம். ஒரே பாத்திரத்தில்தான், ஒட்டாமல், சண்டையும் இல்லாமல்.

எங்களைச் சேர்த்துக் கலக்கியவள் என் மகள்.

அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அந்தப் பெயருக்குக் குறைவில்லாதவள். நாலு வயதில் ரத்தப் புற்று வந்தது. மருந்து கொடுத்தார்கள். முடி கொட்டியது, முளைத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இரண்டாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை, பல் தேய்க்கையில் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. தொட்டியில் அந்தச் சிவப்பைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற நாத்தனார் கை நீட்டினாள். குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டாள். பிறகு வாலுவின் கழுத்தை இரண்டு விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. என் மூச்சும் அங்கேயே நின்றது.

"அத்தை, கூசுது" என்றாள் வாலு.

வார்டு மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நோய் திரும்பி வந்திருக்கிறது. முதல் தடவை கேட்ட மருந்துக்கு இந்தத் தடவை கேட்கவில்லை. வேறு வகையில் இரண்டு புது மருந்துகள் இருக்கின்றன. ஆனால் எது கேட்கும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க இந்த உடம்பில் தெம்பு இல்லை. "ஒரு தடவைதான் குறி பார்க்க முடியும்" என்றார். எலும்பு மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்து, குறி பார்ப்பதற்காகப் பின்கட்டுக்கு அனுப்பினார்.

நாத்தனாரும் நானும் பேசிக்கொள்வது பாத்திரம் கழுவும்போதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருவருக்கும் அது வசதி. அன்று அவளாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணி, சொல்லவா? வேணாம்னா விட்டுடுறேன்."

"சொல்லு."

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டியா மைட்டோகாண்ட்ரியான்னு இருக்கும். தமிழ்ப் புத்தகத்துல இழைமணின்னு போட்டிருப்பாங்க. செல்லுக்கு வேண்டிய சக்தி அதுலதான் தயாராகுது. அடுப்பு மாதிரி."

"ம்."

"அந்த அடுப்புக்குள்ள ஒரு பொருள் இருக்கு. உள்ள இருக்குற வரைக்கும் அது வேலைக்காரி. சக்தி தயாரிக்கக் கூடமாட நிக்கும். சுவர்ல ஓட்டை விழுந்து வெளிய வந்துச்சுன்னா அதுவே எமன். அப்புறம் அந்தச் செல் தன்னைத் தானே துண்டு போட்டு, மூட்டை கட்டி, சத்தமில்லாம செத்துடும். பக்கத்துச் செல்லுக்குக்கூடத் தெரியாது."

"யாரு ஓட்டை போடுறது?"

"செல்லேதான் போட்டுக்குது. நான் கெட்டுப்போயிட்டேன்னு தெரிஞ்சா தானா ஒதுங்கிக்கும். நம்ம எல்லார் உடம்புலயும் தினம் நடக்குது. புற்று செல்லு மட்டும் அந்த ரோஷம் இல்லாதது. ஓட்டை விழாம இருக்க, சுவரை ஒட்டி காவல்காரங்களை நிறுத்தி வெச்சுக்கும்."

நான் கரண்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுல ஒரு நல்லது உண்டு. பல நேரம் அந்தச் செல்லுங்க விளிம்புலயே நிக்கும். லேசா தள்ளினா போதும். வாலுவுக்கு முதல் தடவை அப்படித்தான் விழுந்துச்சு. ஆனா அப்ப விழாம தப்பிச்சதுதான் இப்ப பெருகியிருக்கு. இது விளிம்பை விட்டுத் தள்ளி நிக்குது. காவல் ஜாஸ்தி. புது மருந்து என்ன செய்யும்னா, காவல்காரன் கையை முறுக்கிப் பிடிச்சுக்கும். ஆனா காவல்காரங்க ஒரே ஆள் இல்ல. இவளுக்கு எவன் கதவைப் பிடிச்சுட்டு நிக்கிறான்னு தெரியாம மருந்தைக் கொடுத்தா, நோய்க்கு ஒண்ணும் ஆகாது. இவளுக்குத்தான் ஆகும்."

"எப்படித் தெரிஞ்சுக்குறது?"

"வளர்த்துத்தான்."

என் கை நின்றது. "வளர்த்தா?"

"தட்டுல உயிரோட வெச்சு, மருந்தைப் போட்டு, இழைமணி என்ன செய்யுதுன்னு பாக்கணும். ஒரு சாயம் இருக்கு. இழைமணி நல்லா இருந்தா சிவப்பா தெரியும். சுவர் விட்டுப்போச்சுன்னா பச்சை."

"என் புள்ளையைத் தின்ற சனியனுக்கு நீ சோறு ஊட்டப் போற."

"ஆமா அண்ணி."

"பாம்புக்குப் பால் வார்க்குறது இதுதான்."

"எந்த மருந்துக்கு அது சாகும்னு பாக்கணும்னா, அதுவரைக்கும் பாம்பு உயிரோட இருக்கணுமே" என்றாள், குழாயை மூடியபடி.

சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக்கூடாது என்பது அவர்கள் ஆய்வகத்தில் வழக்கம். அவளே போய்த் தலைவியிடம் சொன்னாள். எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள் யோசித்திருக்கிறார். இந்த வகைச் செல்கள் உடம்புக்கு வெளியே வாழவே விரும்பாதவை. தட்டில் வைத்தால் தாமாகவே வாடிச் செத்துவிடும். அவற்றை உயிரோடு நிறுத்தி வைக்கிற கை அங்கே இவளுக்குத்தான் இருந்தது. நீ வளர்த்துக் கொடு, முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் நான் வார்டிலேயே இருந்தேன். மதியம் அவள் வருவாள். மணிக்கட்டில் கையுறையின் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு இருக்கும்.

"அத்தை, என்னோட செல்லுங்க சாப்பிட்டுச்சா?" என்று வாலு கேட்பாள்.

"சாப்பிட்டுச்சு."

"அடம் பிடிச்சுதா?"

"பின்ன? யாரோடது?"

"என்னைவிட அதுங்களைத்தான் நீ ஜாஸ்தி பாத்துக்கிற" என்று வாலு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். நாத்தனார் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுவதை நான் கவனித்தேன்.

வாலுவைச் செவிலியின் பொறுப்பில் விட்டு, மாற்றுத் துணி எடுக்க ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தபோது மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். நாத்தனார் உப்புக்குக் கை நீட்டினாள். கை நேராக, என் கணவரின் தட்டுக்கு மேலாகப் போனது.

"அடடா, அதிசயம்!" என்றார் அவர். "வழி தெரிஞ்சுடுச்சு!"

சூடு பட்டதுபோல அவள் கையை இழுத்துக்கொண்டாள். உப்பை எடுக்கவே இல்லை. கணவர் சிரித்துவிட்டு மறந்துபோனார். நான் மட்டும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சோதனை முடிவு தெரிகிற நாளன்று கணவர் வார்டில் வாலுவோடு இருந்தார். நான் பின்கட்டுக்குப் போனேன். ஆய்வகத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். ஆனால் கதவில் பாதி கண்ணாடி. எதிரே ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெட்டிக்குள் இரண்டு கைகளை மட்டும் விட்டு நாத்தனார் வேலை செய்வது தெரிந்தது. உள்ளே திறந்த தட்டுகள். அவள் கை ஒன்றின் மேலும் போகாமல் சுற்றிச் சுற்றிப் போனது. பெட்டிக்குள் சுத்தமான காற்று ஓடுகிறதாம். கை மேலே போனால் காற்றை மறிக்கும், கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி தட்டில் விழும், செல் கெட்டுப்போகும். கை உதிர்வது என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஒரு தட்டை உருப்பெருக்கியில் வைத்தார்கள். பக்கத்துத் திரை விளக்குப் போட்டதுபோல எரிந்தது. பச்சை. ஓரத்திலிருந்து ஓரம் வரை, விதை முளைத்த வயல்போலப் பச்சை.

எழுந்துவிட்டேன். கணவருக்குப் போன் போட்டேன். "பச்சையா இருக்குங்க. எல்லாம் பச்சை."

அவர் போட்ட சத்தம் போனில் இரைந்தது. அதற்கும் மேலே வாலுவின் குரல் கேட்டது: "என்னப்பா பச்சை? எனக்கும் காட்டு!"

கதவு திறந்து நாத்தனார் வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"பாத்துட்டேன்" என்றேன். "முழுக்கப் பச்சை."

"அண்ணி" என்றாள். "நீங்க பாத்தது மருந்தே போடாத தட்டு."

எனக்கு விளங்கவில்லை.

"மருந்து போட்ட தட்டுலயும் செத்திருக்கு. போடாததுலயும் செத்திருக்கு. மருந்துனால செத்துச்சா, சும்மாவே செத்துச்சான்னு சொல்ல முடியாது. இந்தச் சோதனை செல்லாது."

அதற்குள் என் கணவர் ஓடி வந்துவிட்டார். வாலுவைச் செவிலியிடம் விட்டுவிட்டு வந்தாராம். முகமெல்லாம் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அது கரைந்தது. விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு அவளைச் சுவரோரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்டது.

"ரெண்டு புது மருந்துல முதல் மருந்து போட்ட தட்டு பச்சைதானே?"

"பச்சைதான்."

"அதை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லேன். அவங்க மருந்தை ஆரம்பிக்கட்டும். புள்ளை ஒவ்வொரு நாளும் இளைச்சுட்டு வர்றா. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"அண்ணா, நீ லிஃப்ட்டுல எடை ஏத்திச் சோதிப்பியே. எடை ஏத்தின லிஃப்ட் விழுந்துடுச்சு. பக்கத்துல சும்மா நின்ன காலி லிஃப்டும் விழுந்துடுச்சு. எடை தாங்காம விழுந்துச்சுன்னு சொல்லுவியா?"

"கயிறு இத்துப்போச்சுன்னு சொல்லுவேன்" என்றார் அவர்.

"அந்தக் கயிறு நான்தான்."

சொன்னாள். அந்தச் செல்கள் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் அலமாரிக்குள் அசையாமல் இருக்க வேண்டியவை. கதவைத் திறந்தால் சூடு போகும், உள்ளே நிரப்பியிருக்கும் வாயு போகும். தினம் ஒரு தடவை பார்ப்பது வழக்கம். இவள் உயிரோடு இருக்கிறதா, இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்திருக்கிறாள். தட்டை வெளியே எடுத்து உருப்பெருக்கியின் விளக்கடியில் வைத்திருக்கிறாள். வாயு போனதற்கு அடையாளமாக, நேற்று தட்டில் இருந்த திரவம் ஆரஞ்சு மாறி ஊதாவாகியதைக் கண்டும், சரியாகிவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டிருக்கிறாள்.

"வேற யாரோடதா இருந்தாலும் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்" என்றாள்.

"குரங்கு கையில பூமாலையைக் கொடுத்த கதையாப் போச்சு" என்றார் என் கணவர்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனால் அவள் கண்ணின் கீழ் இமை துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "போதும்ங்க" என்றேன்.

உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். அந்த ஆய்வகத்திலேயே நெடுநாள் வேலை செய்கிறவர். வழுக்கைத் தலை, மூக்கில் நழுவும் கண்ணாடி. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் அவசரம். டீ குடித்தால் பாதி சட்டை குடிக்கும், படியில் ஏறினால் ஒரு செருப்பு கீழேயே நிற்கும் என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"ஏம்மா, புள்ளைக்குக் காய்ச்சல்னா போர்வையை விலக்கி விலக்கிப் பாத்து, அந்தக் குளிர்லயே காய்ச்சலை ஏத்துவாங்களே, அந்த வேலையைத்தான் பண்ணியிருக்க" என்றார். "சரி, அழுதா ஆச்சா? இன்னொரு குழாய் இருக்கு. மேடம் கூப்பிடுறாங்க."

மஜ்ஜை வந்த அன்றே அதில் சிறிதளவை ஒரு குட்டிக் குழாயில் உறைய வைத்திருந்தார்கள். மறுபடி வாலுவிடமிருந்து எடுக்க வழியில்லை. காய்ச்சல் வந்திருந்தது. நோயைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க வேறு மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். இனி எடுத்தால் அந்த மருந்து பட்ட செல்தான் வரும். ஆக அந்த ஒரு குழாய், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

மேடம் வாசலுக்கே வந்தார். நாத்தனாரைக் கடிந்துகொள்ளவில்லை. "நீயே பண்றியா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் கையுறையைக் கழற்றினாள். "வேணாம் மேடம். அண்ணன் பண்ணட்டும்" என்று அவசரத்தைக் காட்டினாள்.

"அவரா?" என்று என் கணவர் அவள் காதருகே சீறினார். "தண்ணிய வாயில ஊத்தத் தெரியாதவருன்னு நீதானே சொன்ன!"

"உறைஞ்சதை உருக்குறதுக்கு வேகம்தான் வேணும். மெதுவா உருகினா செல்லு வெடிச்சுடும்."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவாப் பண்ணணும்" என்றாள்.

கணவர் வாலுவிடம் போய்விட்டார். நாத்தனாரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்தப் பக்கத்திலிருந்து அவள் அந்த அறையைப் பார்ப்பது இதுவே முதல் தடவையாக இருக்கும். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே அவசரம் ஒரு பெரிய குடத்தின் மூடியைத் திறந்தார். வெண்புகை வழிந்தது. இடுக்கியால் குழாயை எடுத்தவர் இரண்டே எட்டில் வெந்நீர்த் தொட்டிக்கு வந்து அதை நீரில் அலசினார்.

"கொஞ்சம் பனி மிச்சம் இருக்கும்போதே எடுத்துடணும்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். "முழுசா உருக விடக்கூடாது. இப்ப... இப்ப... எடுங்கண்ணே..."

அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி நீரில் விட்டார்.

"ஐயோ."

உடனே எடுத்துவிட்டார். அடுத்த கணம் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கைகள் இருந்தன. அவ்வளவு வேகமாக வந்த மனிதர் அங்கே அப்படியே நின்றார். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றினார். தோள் ஏறி இறங்கியது. சூடான திரவத்தை ஒரு சொட்டு விட்டார். குழாயை லேசாக ஆட்டினார். ஒரு சொட்டு.

"மெதுவாண்ணே" என்றாள் நாத்தனார் மூச்சுக்குள். "மெதுவா. அவசரப்பட்டு ஊத்தினா தாங்காது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்..."

அவள் முழங்கால் ஆடி பெஞ்சும் ஆடியது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன். நாங்கள் ஒருவரையொருவர் தொட்டது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

இன்னொரு சொட்டு. அவர் மூக்குக்கண்ணாடி நழுவியது. கை திறந்த குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. முகத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியை மூக்கின் நுனியிலேயே நிறுத்திக்கொண்டு, சொட்டு விட்டார். நாத்தனார் எழுந்து கதவருகே போய்விட்டாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

கடைசியில் அவர் குழாயை மூடி, சுழல் இயந்திரத்தில் வைத்துவிட்டு நேரே எங்களை நோக்கி வந்தார்.

"ஏம்மா, உன் கண்ணு கதவைத் துளைச்சுட்டு வந்து என் முதுகுல குத்துது" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். கத்திவிட்டுக் கதவின் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து மூடினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. நாத்தனார் மூடிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதான்" என்றாள். "அலமாரிச் சாவியையும் அவரே வெச்சுக்கட்டும்."

மறுநாள் வாலுவைச் செவிலியிடம் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் அந்தப் பெஞ்சில் இருந்தோம். இந்தத் தடவை நான்கு தட்டுகள். மருந்து இல்லாதது ஒன்று, முதல் மருந்து, இரண்டாம் மருந்து, இரண்டும் சேர்ந்தது. எது எது என்று அவசரத்துக்கு மட்டும்தான் தெரியும். தெரியாமல் பார்ப்பதுதான் முறை என்று மேடம் உருப்பெருக்கியின் திரை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். எங்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"முதல்ல உள்ளது, பாதிக்குக் கீழதான் பச்சை."

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"அடுத்தது பச்சை. கிட்டத்தட்ட முழுக்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பவில்லை. நேற்றும் பச்சையைத்தான் பார்த்தேன்.

"மூணாவது சிவப்பு. அங்கங்க கொஞ்சம் பச்சை."

தட்டை மாற்றுகிற சின்னச் சத்தம். நாத்தனாரின் உதடு அசைந்தது. சிவப்பு, சிவப்பு என்று அவள் சொல்வது எனக்கு மட்டும் கேட்டது. ஒரு குழந்தையின் புற்றுச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டுமென்று அந்தக் குழந்தையின் அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"நாலாவது, நல்ல சிவப்பு. அழகா இருக்கு."

"அதுதான் மருந்து போடாதது!" என்று அவசரம் கூவிவிட்டார். பொறுத்திருந்து சொல்ல அவரால் முடியவில்லை. "உயிரோட இருக்கும்மா! சோதனை செல்லும்!"

நாத்தனார் சுவரில் சாய்ந்தாள்.

மற்றதையும் அவரே சொன்னார். முழுக்கப் பச்சையானது இரண்டு மருந்தும் சேர்ந்த தட்டு. பாதிகூடப் பச்சையாகாதது இரண்டாம் மருந்து மட்டும். கொஞ்சமே பச்சையான மூன்றாவது தட்டு முதல் மருந்து மட்டும் போட்டது. அதாவது கதவை இரண்டு காவல்காரர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை மட்டும் முறுக்கினால் இன்னொருவன் பிடித்துக்கொள்வான்.

முதல் மருந்தை மட்டும் சொல்லேன் என்று கேட்ட என் கணவர் எழுந்து நடைபாதையின் கோடி வரை போய், அங்கிருந்த லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். அது வந்தது. திறந்தது. மூடியது. அவர் ஏறவில்லை. மறுபடி அழுத்தினார்.

அன்று வாலு தூங்கியபின் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, அவரே உப்பை எடுத்து, என் தட்டைச் சுற்றி, தண்ணீர்க் குவளையைச் சுற்றிக் கொண்டுபோய்த் தங்கையின் பக்கத்தில் வைத்தார். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தட்டில் நடந்தது உடம்பில் நடக்க வேண்டுமே. இரண்டாம் மருந்து ரத்தம் உறைவதற்கான செல்களையும் குறைக்கக்கூடியது. வாலுவுக்கு மூக்கில் ரத்தம் வடிந்தது. தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. சட்டை மாற்றவே பயந்தேன். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

"அத்தை, அந்த ரெண்டு பேரையும் பிடிச்சாச்சா?" என்று வாலு படுத்தபடியே கேட்டாள்.

"பிடிச்சுட்டு இருக்காங்க."

"நழுவிடப் போறாங்க. நீ போய்ப் பாரு."

"நான் பாக்க மாட்டேன்" என்றாள் நாத்தனார். "பாத்தா கெட்டுப்போகும்."

அடுத்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது நோய்ச் செல் மிகக் குறைந்திருந்தது. அதற்கடுத்த தடவை தென்படவில்லை. பிறகு அப்பாவின் மஜ்ஜையை மகளுக்கு ஏற்றினார்கள். அதற்குள் இருந்த பயங்களைச் சொல்ல ஆரம்பித்தால் அது வேறு கதை.

இன்று வாலு மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மத்தியானம் வரைதான் போகிறாள். முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. ரத்தத்தில் நோய் இல்லை. குணமாகிவிட்டது என்ற சொல்லை மருத்துவர் இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவசரம் உருக்கிய குழாயில் மீந்த செல்கள், வழக்கத்துக்கு மாறாக, சாகாமல் பிழைத்துக்கொண்டன. மற்றக் குழந்தைகளுக்கான மருந்துகளை அவற்றின் மேல் சோதிக்க அனுமதி கேட்டார்கள், சரி என்றோம். அவை அந்த அலமாரியில் இருக்கின்றன. நாத்தனார்தான் வளர்க்கிறாள். ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் கதவைத் திறப்பதில்லை.